கப்பலேறிப் போன தாய்மாமன்

நாகப்பட்டினம் துறைமுகத்தில், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, "கடல்ல காத்து சரியில்ல, இன்னைக்குக் கப்பல் போகாது" என்று அறிவித்தபோது, கூடத்தில் இருந்த அறுபது எழுபது பேரும் உச்சுக்கொட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். ஒருவன் மட்டும் தூக்கவில்லை. அதியமான்கோட்டை பூவரசன் தன் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "காத்து அடிச்சா நான் என்னாங்க பண்ணட்டும்? மழை பேஞ்சா நாங்க பஸ்ஸ நிறுத்திட்டா போறோம்?" என்று சண்டைக்கு நின்றான்.

கவுன்டரில் இருந்த பெண் பொறுமைசாலி. "நாளைக்குக் காலைல போகும் சார். இதே டிக்கெட் செல்லும்" என்றாள்.

"நாளைக்கு ஏறி நான் எப்பப் போய்ச் சேர்றது? வியாழக்கிழமை பத்தரை மணிக்கு எம் மருமவளுக்குக் காது குத்து. நான் தாய்மாமன். எம் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தணும்."

அந்த முறை அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வாள், காற்றைப் பிடித்தா நிறுத்த முடியும்? "நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துருங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். இவன் அந்த ஒரு நாளுக்கும் சோற்றுக்கும் படுக்கைக்கும் ஆகிற செலவை நினைத்துப் பல்லைக் கடித்தான்.

பூவரசனைத் தெரியாதவர்கள் அவனைச் சண்டைக்காரன் என்பார்கள். தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வயது நாற்பத்திரண்டு. தருமபுரிக்கும் இண்டூருக்கும் நடுவே ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் பதினேழு வருடமாகக் கண்டக்டர். தக்காளிக் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட், புளி மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட், கோழிக்கும் டிக்கெட். "கோழிக்குக்கூடவா?" என்று கேட்டால், "கோழி என்ன நடந்தா வருது?" என்பான். யாராவது, "கண்ணு அசந்துட்டா நல்லம்பள்ளியில எழுப்பி வுடுங்க கண்டக்டரே" என்று சொன்னால், "நான் கண்டக்டரா, உங்க வூட்டு அலாரமா?" என்று பதில் வரும். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அவனுக்கு வாய் முதல் பஸ்ஸில் போகும், மனசு அடுத்த பஸ்ஸில் வந்து சேரும். அவ்வளவுதான்.

அந்த வாய்தான் எட்டு வருடத்துக்கு முன்னால் தங்கையையும் ஊரைவிட்டு அனுப்பியது. தங்கை மணிமேகலை, அகதி முகாமில் இருந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்க வந்த சிவக்குமாரைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அப்பா அம்மா இல்லாத வீடு. அண்ணன் சொல்வதுதான் தீர்ப்பு. "நாடே இல்லாத பயலுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு நான் என்ன கிறுக்கனா?" என்றான், அதுவும் சிவக்குமாரின் முகத்துக்கு நேராக. அவர்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். பிறகு இலங்கையில் சிவக்குமாரின் அப்பாவுடைய காணி திரும்பக் கிடைத்ததும், முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானுக்கே போய்விட்டார்கள்.

குழந்தை பிறந்தபோது மணிமேகலைதான் முதலில் போன் செய்தாள். கனிமொழி என்று பெயர். ஒரு வயதில் காது குத்த அண்ணனைக் கூப்பிட்டாள். "பாப்பம்" என்றான். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவது வழக்கம் என்பதால் மூன்று வயதில் திரும்பவும் கூப்பிட்டாள். "பாஸ்போர்ட்டு வரல, பாப்பம்" என்றான். பாஸ்போர்ட்டுக்கு அவன் எழுதியே போடவில்லை. இப்போது ஐந்து முடியப் போகிறது. இந்தத் தடவை அவள் கெஞ்சவில்லை.

"அண்ணா, இன்னும் ரெண்டு மாசத்துல அவளுக்கு ஆறு பொறக்குது. வர்ற மாசம் கடைசி வியாழக்கிழமைய வுட்டா நாளு இல்ல. நீ வந்தா ஒம் மடியில குத்தறோம். வரலீன்னா பக்கத்துக் கடைக்கார அண்ணன் மாமனா ஒக்காரறேன்னு சொல்லிட்டாரு."

இதைக் கேட்டதும் பூவரசன் போனையே முறைத்தான். கடைக்காரன் மடியா? கூடப் பிறந்த மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போதா? அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்கு ஓடினான். தன் கல்யாண மோதிரத்தை அழித்து, தருமபுரி ஆசாரியிடம் கொடுத்து, சின்னதாக ஒரு சோடித் தோடு செய்யச் சொன்னான். முதலாளியிடம் சம்பளமில்லாமல் ஒரு வாரம் லீவு வாங்கினான்.

விமானத்தில் போனால் ஒரே நாளில் போய்விடலாம். ஆனால் அந்தக் காசில் தோடும் வராது, திரும்பி வரவும் முடியாது. கப்பல்தான் கட்டுபடியானது. சிவக்குமார் தானே வண்டி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியனுப்பினான். "அதெல்லாம் வேணாம். பஸ்ஸுலயே பொழைக்கிறவனுக்கு பஸ்ஸுல வர்றதுக்குத் தெரியாதா?" என்று பூவரசன் மறுத்துவிட்டான். உள்ளே இருந்த காரணம் வேறு. நாடில்லாத பயல் என்று சொன்னவனுடைய வண்டியில் எந்த முகத்தோடு ஏறி உட்காருவது?

கிளம்ப வேண்டிய நாள் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் பெண்டாட்டி சசிகலா காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். திங்கட்கிழமை கிழக்கே சூலம். நாகப்பட்டினம் கிழக்கே. கப்பல் போவதும் கிழக்கே.

"அதுலயே பரிகாரம் தயிருன்னு போட்டிருக்குதுல்ல? ரெண்டு வாய் தயிரு குடிச்சிட்டுப் போறன்" என்றான் பூவரசன்.

"சேலம் போறதுக்குத் தயிரு போதுங்க. கடலைத் தாண்டறதுக்குப் போதுமா? மூணரை மணிக்கு நல்ல நேரம் இருக்குது. பரஸ்தானம் வெச்சிரலாம்."

பரஸ்தானம் என்றால் வேறொன்றும் இல்லை. நாள் சரியில்லாதபோது, முந்தியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டியது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. போகும்போது அப்படியே எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். அப்படித்தான் துணிமணி, ஆறு கிலோ ராகி மாவு, இரண்டு கிலோ புளி, மஞ்சள் பைக்குள் சுருட்டிய தோடு எல்லாவற்றோடும் பை பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் வீட்டுக்குப் போனது. திங்கட்கிழமை மத்தியானம் நஞ்சம்மாள் வாசலில் வைத்தே பையைக் கொடுத்தாள். இவனும் திறக்காமல் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

புதன்கிழமை கப்பல் புறப்படத் தயாராக நின்றது. முதலில் பையைத் தராசில் வைத்தார்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஐந்து கிலோ இருந்தது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள்.

"மாவுக்கெல்லாமா காசு?" என்றான் பூவரசன்.

"மாவு நடந்தா சார் வருது?" என்று தராசுக்காரன் சிரித்தான். இத்தனை வருடம் தான் சொல்லிவந்த பேச்சு தன் காதிலேயே வந்து விழுந்ததும் பூவரசனுக்கு அவனை அறையலாமா என்று வந்தது. கட்டித் தொலைத்தான்.

அடுத்து சுங்க அதிகாரி. "நகை ஏதாச்சும் எடுத்துட்டுப் போறீங்களா?"

"மருமவளுக்குத் தோடு சார். கால் பவுனுகூட வராது."

"காட்டுங்க."

பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தான். இல்லை. துணிகளுக்கு நடுவே பார்த்தான். இல்லை. ராகி மாவுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தான், புளியை வைத்தான், பையைத் தலைகீழாகக் கொட்டினான். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. வேர்த்துப்போய் சசிகலாவுக்குப் போன் போட்டான். அவள் லைனை வைக்காமலே பக்கத்து வீட்டுக்கு ஓடுவதும், நஞ்சம்மாளின் குரலும் இவனுக்குக் கேட்டது.

"ஆமாண்டி, இங்கதான் இருக்குது! தங்கத்தைத் தாவாரத்துல போட்டு வெப்பாங்களா யாராச்சும்? அதான் தனியா எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். அன்னைக்குப் பையக் குடுக்கறப்ப ஞாபகமே வரல போ!"

சூலம் குத்தக் கூடாது என்று செய்த ஏற்பாடுதான் குத்தியிருக்கிறது. நல்லெண்ணத்தில் பூட்டிய நஞ்சம்மாளை என்னவென்று திட்டுவது? திட்டாமல் எப்படி இருப்பது?

"தங்கச்சிகிட்ட நான் சொல்லட்டுங்களா?" என்று அழுகிற குரலில் கேட்டாள் சசிகலா.

"ஒண்ணும் சொல்லாத. அது போன் பண்ணாலும் எடுக்காத. மாமன் வெறுங்கையோட வர்றான்னு ஊரு முழுக்கத் தண்டோரா போடணுமா? நான் நேர்ல போய்ச் சொல்லிக்கறன்" என்று வைத்துவிட்டான். சொன்னதைச் செய்கிறவள் சசிகலா. அன்று முழுக்க நாத்தனார் ஏழு தடவை கூப்பிட்டும், எடுத்தால் வாயில் வந்துவிடும் என்று பயந்து எடுக்கவேயில்லை.

கப்பலில் நாலு மணி நேரமும் வாந்தி. இலங்கைக் கரையில், காங்கேசன்துறையில் இறங்கும்போது காலுக்குக் கீழே சிமென்ட் தரையே ஆடியது. அங்கே இருந்த அதிகாரி ராகி மாவுப் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு கம்பியால் குத்தியும் பார்த்தார்.

"இது என்ன மா?"

"ராகி மாவுங்க. களி கிண்டறதுக்கு. எந் தங்கச்சிக்குப் புடிக்கும்."

அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "அட, குரக்கன் மா! இது இஞ்ச எல்லாக் கடையிலயும் கிடக்குதே. இதையோ இந்தியாவில இருந்து சுமந்து வந்தனீங்கள்?"

பூவரசன் பொட்டலத்தை வாங்கிக் கையில் இடுக்கிக்கொண்டான். எடைக்குக் கட்டிய காசை நினைத்துக்கொண்டான். கம்பி குத்திய ஓட்டை வழியாக மாவு கொட்டத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவன் போன வழியெல்லாம் மாவு கோடு போட்டுக்கொண்டே வந்தது.

வரிசை வரிசையாக நின்று சோதனையெல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி மூன்றரை. வாசலில் சிம் கார்டு விற்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு, "நாளைக்குப் பாக்கப் போறவகிட்ட இன்னைக்கு என்ன போன்ல பேச்சு?" என்று நகர்ந்தான். ஒரு டீ நூறு ரூபாய் என்றார்கள். நம்ம ஊர்க் காசுக்கு முப்பதுதான் ஆகிறது என்று மனசு கணக்குப் போட்டாலும், நூறு ரூபாய்த் தாளை டீக்கு நீட்ட அவன் கை வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் ஏறி நடுவழியில் மாங்குளத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்கு வேறு பஸ். இதை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தான். இருக்கிறதிலேயே விலை குறைந்த பஸ்ஸாகப் பார்த்து ஏறி, கண்டக்டரிடம், "அண்ணா, மாங்குளம் வந்தாச் சொல்லுங்க. நானும் கண்டக்டருதான்" என்றான்.

"ஓம் ஓம், சொல்லுறன்" என்றான் அவன், காசை வாங்கிக்கொண்டே.

இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை, வயிற்றில் ஒன்றுமில்லை, ஜன்னலில் காற்று. கண் விழித்தபோது பஸ் காலியாக நின்றது. எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். அது வவுனியா.

"ஏங்க, மாங்குளத்துல எழுப்பச் சொன்னனே!" என்று கத்தினான்.

கண்டக்டர் நோட்டை அடுக்கிக்கொண்டே நிமிர்ந்தான். "மாங்குளம் மாங்குளம் எண்டு கத்தினனான் தானே. நித்திரை கொண்டால் நான் என்ன செய்யிறது? ஒவ்வொருத்தராத் தட்டி எழுப்பவோ?"

பூவரசன் வாயைத் திறந்தான். இருந்த ஒரே பதிலை இத்தனை வருடமும் அவனே சொல்லித் தீர்த்துவிட்டிருந்தான். அன்று ராத்திரியை பஸ் ஸ்டாண்டில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

விடிந்ததும் முதல் பஸ். மாங்குளம் சந்தியில் இறங்கும்போது மணி எட்டு. ஒட்டுசுட்டான் பஸ் இப்போதுதான் போனது, அடுத்தது ஒன்பதரைக்கு என்றார் பெட்டிக்கடைக்காரர். சந்தியில் ஓர் ஆட்டோ நின்றது. "மூவாயிரம்" என்றான் ஆட்டோக்காரன். மூவாயிரமா! பையில் இருந்தது திரும்பிப் போகிற காசு. ஒன்பதரைக்கு பஸ், பத்தேகாலுக்கு ஊர், பத்தரைக்கு முகூர்த்தம். தடம் தெரிந்த ஆள் மாதிரி கணக்குப் போட்டுவிட்டு, "பஸ்ஸுலயே போயிக்கறன்" என்று மரத்தடியில் நின்றான்.

ஒன்பதரை ஆயிற்று. பஸ் வரவில்லை. பத்து ஆயிற்று. அவன் ரோட்டின் நடுவில் போய் நின்று பார்த்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. பத்தேகாலுக்குப் பெட்டிக்கடைக்காரரிடம் போய், "வருமா வராதாங்க? ஒரு டைம்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?" என்று சண்டை போட்டான். அவர் பாவம், வெற்றிலை விற்கிறவர். "சில நாளைக்கு வாறேல்லை, அண்ணை" என்று அனுதாபமாகச் சொன்னார். பத்தரை. இந்நேரம் பாய் விரித்திருப்பார்கள். மூவாயிரத்தை எட்டு மணிக்கே கொடுத்திருந்தால் இந்நேரம் குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு மனைமேல் உட்கார்ந்திருக்கலாம். தன் தலையில் தானே அடித்துக்கொண்டு ஆட்டோவைத் தேடினால், அது வேறு சவாரிக்குப் போயிருந்தது. பதினொன்று அடித்துத்தான் திரும்பி வந்தது. பூவரசன் விலை கேட்கவேயில்லை. "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னான்.

வழி முழுக்க, போனதும் என்ன பேசுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டான். காற்றைச் சொல்ல வேண்டும், நஞ்சம்மாளைச் சொல்ல வேண்டும், அந்தக் கண்டக்டரைச் சொல்ல வேண்டும், வராத பஸ்ஸைச் சொல்ல வேண்டும். தங்கை திட்டுவாள், அழுவாள். திட்டட்டும். நாலு திட்டு வாங்கினால் தேவலை என்றுகூட இருந்தது.

வீட்டு வாசலில் சின்னதாகப் பந்தல், இரண்டு வாழைமரம். ஆட்டோ நின்றபோது பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். சாப்பாட்டுப் பந்தி தொடங்கியிருந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சாம்பார் வாளியோடு வெளியே வந்த மணிமேகலை, தலையெல்லாம் கலைந்து, பேன்ட் முழுக்க மாவோடு நின்ற ஆளைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா? நீயா?"

"மேகல... கப்பலு ஒரு நாளு போகல. அப்பறம் அந்தக் கண்டக்டரு பய எழுப்பாம வுட்டுட்டான். பஸ்ஸும் வரல." மூச்சு வாங்கியது. "தோடும் கொண்டாரல மேகல. செஞ்சன். எம் மோதரத்த அழிச்சுச் செஞ்சன். நஞ்சம்மா பீரோவுல மாட்டிக்கிச்சு."

திட்டுக்காகக் காத்து நின்றான். அவள் திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லண்ணா. தோடு நான் வாங்கிட்டன்" என்றாள்.

"எப்ப வாங்குன?"

"போன மாசமே."

போன மாசம். கப்பல் நிற்பதற்கு முன்னால், பீரோ பூட்டுவதற்கு முன்னால், இவன் பாஸ்போர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். அவள் போனில் ஆசையாகத்தான் பேசினாள். ஆனால் அவன் வருவான் என்று ஒரு நாளும் நம்பவில்லை. தோடும் வாங்கியாயிற்று, மடிக்கும் ஆள் சொல்லியாயிற்று. அவன் வராததற்கு யாரும் கோபப்படவில்லை, ஏனென்றால் யாரும் எதிர்பார்க்கவேயில்லை. மூன்று நாளாக ஊரிலிருக்கிற எல்லோர்மேலும் வந்த கோபம் அந்த வாசலில் வைத்து அவன்மேலேயே திரும்பியது. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"குத்தியாச்சா?" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"பத்தரைக்கே குத்தியாச்சுண்ணா." அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுதான். ஒரு காது குத்துன ஒடனே எந்திரிச்சு ஓடிப்போயி கட்டுலுக்கு அடியில பூந்துகிட்டா. ஒண்ணேகால் மணி நேரமா யாராலயும் இழுக்க முடியல. இன்னொரு காது இருக்குதுண்ணா."

உள்ளே பாய்மேல் பெரியவர் ஒருவர் இன்னும் சம்மணம் போட்டபடியே உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சவுரியப்பன். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. கால் மரத்துப் போயிருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாங்கோ தம்பி, இருங்கோ. உங்கட இடத்திலதான் நான் இருந்தனான்" என்றார். பூவரசன் அவரை ஒரு பகையாளியாக நினைத்துக்கொண்டு வந்திருந்தான். இப்போது கும்பிட மட்டும்தான் தோன்றியது.

சிவக்குமார் ஒரு சொம்பில் தண்ணீரோடு வந்து, "மச்சான், கால நீட்டுங்க" என்று அவனே ஊற்றினான். மாவு கரைந்து ஓடியது. பூவரசன் நிமிராமல், "மாப்ள, அன்னைக்கு நான் சொன்ன பேச்சு..." என்று தொடங்கினான்.

"ஈரம் காயட்டும், இருங்க" என்று சிவக்குமார் துண்டைக் கொடுத்தான்.

காது குத்த வந்திருந்த ஆசாரி, ராகு காலம் வர இன்னும் நேரம் இருக்கிறது, சீக்கிரம் என்றார். கட்டிலைத் தூக்கி, கனிமொழியை நாலு பேர் பிடித்து வந்தார்கள். ஒரு காதில் பொட்டு மாதிரி தோடு, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. பூவரசன் மடியில் வைத்ததும் அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இது ஆரு?"

"மாமாடா கண்ணு" என்றாள் மணிமேகலை.

குழந்தை சவுரியப்பனைப் பார்த்தது, இவனைப் பார்த்தது. "எந்த மாமா?"

பூவரசன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "குத்துங்க" என்றான். ஊசி இறங்கிய அதே நொடியில் கனிமொழி அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். பால் பல் என்றாலும் ஆழமாக இறங்கியது. ரத்தம் வந்தது. "ஐயையோ, கைய எடுண்ணா, எடு!" என்று மணிமேகலை கத்தினாள். சவுரியப்பன் குழந்தையின் வாயை விலக்கப் பார்த்தார்.

காற்றோடும் தராசோடும் கண்டக்டரோடும் வெற்றிலைக்காரரோடும் சண்டை போட்டுக்கொண்டே வந்தவன் கையை எடுக்கவில்லை. "இருக்கட்டும், வுடுங்க" என்றான். பிறகு குனிந்து, தோடு ஏறிய அந்தக் காதுப் பக்கமாக, "நல்லாக் கடி கண்ணு" என்றான்.